ஃபாதருக்கு ஜுரம் வந்தா கஞ்சி யார் வைப்பாங்க?

‘‘உங்க கோயில் ஃபாதருக்கு ஜுரம் வந்தா, கஞ்சி யார்டி வெச்சுக் கொடுப்பாங்க?’’

காலேஜ் கேன்டீனில் சமோசாவைப் பிய்த்துக்கொண்டே என் தோழி கேட்ட கேள்வி இது. அவளுக்கும் சர்ச்சுக்கும் சம்பந்தமே கிடையாது. கிறிஸ்துமஸுக்கு எங்க வீட்டுக் கல்கல் சாப்பிட வருவதோடு சரி. ‘‘கல்யாணம் கிடையாது, குழந்தை குட்டி கிடையாது, அம்மா எங்கேயோ ஊர்ல இருப்பாங்க. அப்போ உடம்பு முடியலைனா..?’’ என்று இழுத்தாள்.

‘சமையலுக்கு ஒரு அக்கா வர்றாங்களே’னு சொல்லி டாபிக்கை மாத்தியிருக்கலாம்தான். ஆனா, அந்த அக்கா மத்தியானம் ரெண்டு மணிக்கே பாத்திரத்தைக் கவிழ்த்து வெச்சுட்டுக் கிளம்பிடுவாங்க. ஜுரம் என்னவோ ராத்திரிதானே ஏறுது!

எங்க ஏரியா வியாசர்பாடி. சினிமாவில் காட்டினால் அரிவாளோடுதான் காட்டுவார்கள். நேரில் வந்தால் ஃபுட்பால், கேரம்போர்டு, தட்டு நிறைய பர்மா அத்தோ. மழை பெய்தால் கணேசபுரம் சப்வேயில் தண்ணி நிற்கும், ஊர் ரெண்டாகும். காத்து மணலி பக்கமிருந்து அடிச்சா மூக்கைப் பொத்திக்கணும். இந்த ஊரில் ஒரு பங்குத்தந்தைக்குப் பூசை வைப்பது மட்டும்தான் வேலைனு நினைச்சா, நீங்க ரொம்ப அப்பாவி பாஸ்! ஸ்கூல் அட்மிஷனுக்கு சிபாரிசு லெட்டர், குடிச்சுட்டு அடிக்கிற புருஷனைக் கூப்பிட்டுக் கண்டிக்கிறது, ‘பொண்ணைக் காணோம் ஃபாதர்’னு நடுராத்திரி அழுகை, ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் இழுத்துக்கொண்டிருக்கும் தாத்தாவுக்கு நோயில்பூசுதல், மறுநாள் அதே தாத்தாவோடு காசிமேடு கல்லறை வரைக்கும் நடை. எல்லாம் அவர் தலையில்தான்.

இதுக்கு நடுவுல டீ. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்க இளைஞர் குழு சும்மா விளையாட்டுக்கு எண்ணிப் பார்த்தது. ரெண்டு பூசை, ஒரு ஞானஸ்நானம், நாலு வீடு மந்திரிப்பு, ஒரு அன்பியக் கூட்டம். மொத்தம் பதினோரு டீ, மூணு கிளாஸ் போவன்டோ, மூணு லட்டு, ஒரு கேக் துண்டு, ரெண்டு வீட்டு பிரியாணி. ஒரு வீட்டுல சாப்பிட்டு இன்னொரு வீட்டுல சாப்பிடலைன்னா முடிஞ்சது கதை. ‘அவங்க மெத்தை வீடு, நம்மது தகர ஷீட்டு… அதான் ஃபாதர் கை நனைக்கலை’னு வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை வரைக்கும் பேசுவாங்க. அதனால அவரும் சிரிச்சுக்கிட்டே எல்லாத்தையும் உள்ளே தள்ளுவார். இத்தனைக்கும் அவருக்கு சுகர் இருப்பது அவருக்கே தெரியும். எங்களுக்குத்தான் தெரியாது.

தெரிய வந்தது மிக்ஜாம் புயலால்!

2023 டிசம்பர் முதல் வாரம். தண்ணி முழங்காலுக்கு மேல. கோயில் ஹாலைத் திறந்துவிட்டார். மூணு நாள் ராப்பகலாக வெறுங்காலோடு அந்தச் சாக்கடைத் தண்ணியில் பால் பாக்கெட்டும் பிரெட்டும் தூக்கிக்கொண்டு அலைஞ்சார். கால் சுண்டு விரலில் ஏதோ குத்தியிருக்கு. அவருக்கு வலிக்கவே இல்லை. அதுதான் வில்லங்கமே. சுகர் வருஷக்கணக்கில் கன்ட்ரோல் இல்லாமல் இருந்தால் பாதத்தின் நரம்புகள் மரத்துப்போய்விடும், ரத்த ஓட்டமும் குறையும். முள் குத்தினாலும் தெரியாது, புண் வந்தாலும் ஆறாது. சாக்ஸ் போட்டு மறைச்சுக்கிட்டே கிறிஸ்துமஸ் பூசை வெச்சார், புதுவருஷப் பூசை வெச்சார். எங்க குழுவில் ஒரு அண்ணன் லேப் டெக்னீஷியன். ஃபாதர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடப்பதை அவர்தான் முதலில் கவனிச்சார். ‘‘ஃபாதர், சாக்ஸைக் கழட்டுங்க’’ என்றார். ‘‘போடா, ஒண்ணுமில்லடா’’ என்றார் ஃபாதர். ‘‘கழட்டுங்க ஃபாதர்!’’

அன்றைக்கு குளுக்கோமீட்டரில் 386. பொங்கலுக்கு ரெண்டு நாள் முன்னாடி ஆஸ்பத்திரியில் அந்தச் சுண்டு விரலை எடுத்துவிட்டார்கள்.

அட்மிஷன் கவுன்டரில் கேட்ட முதல் கேள்வி, ‘‘பேஷன்ட்டுக்கு என்ன வேணும் நீங்க?’’ இருந்தது எட்டுப் பேர். யாருக்கும் பதில் வரலை. ‘‘ரிலேஷன் யாராவது கையெழுத்துப் போடணும்.’’ ஃபாதரோட அம்மாவுக்கு 80 வயசு, தெற்கே ஒரு கிராமம். தங்கச்சி கிளம்பி வந்து சேர ஒருநாள் ஆகும். கடைசியில் மறைமாவட்டத்திலிருந்து இன்னொரு ஃபாதர் ஓடிவந்து கையெழுத்துப் போட்டார். வாரத்துக்கு வாரம் ஆயிரம் பேர் ‘ஃபாதர்’னு கூப்பிடுற ஒரு மனுஷனுக்கு, ஃபாரத்துல ‘உறவுமுறை’ங்கிற கட்டத்தை நிரப்ப ஆள் இல்லை. என் தோழி கேட்ட கேள்வி அப்பதான் எனக்கு நல்லா உறைச்சது.

பசங்க ஷிஃப்ட் போட்டுக்கிட்டாங்க. ராத்திரி ரெண்டு பேர், பகல்ல ஒருத்தர். பல் விளக்க, பாத்ரூம் போக, கஞ்சி ஊட்ட. கஞ்சி வெச்சது எங்க அம்மா. பதினோரு நாள்!

இந்த இடத்தில் எனக்கு ஸ்டேன் சுவாமி ஞாபகம் வந்தார். திருச்சி பக்கம் விரகாலூரில் பிறந்த இயேசு சபைக் குரு. ஜார்க்கண்ட் ஆதிவாசிகளோடு வாழ்க்கையைக் கழித்தவர். 2020 அக்டோபரில் பீமா கோரேகான் வழக்கில் கைதானபோது வயது 83, பார்க்கின்சன்ஸ் நோய். கை நடுக்கத்தில் டம்ளரைப் பிடிக்க முடியாது. உறிஞ்சிக் குடிக்க ஒரு சிப்பர் கேட்டு கோர்ட் வரைக்கும் போக வேண்டியிருந்தது. தலோஜா ஜெயிலில் அவரைக் குளிக்க வைத்ததும் சாப்பிட உதவியதும் கூட இருந்த கைதிகள். 2021 ஜூலை 5-ம் தேதி மும்பை ஹோலி ஃபேமிலி ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அந்த வழக்கைப் பற்றி ஆளுக்கொரு அபிப்பிராயம் இருக்கலாம். அந்த சிப்பர் விஷயத்தில் எனக்கு ஒரே அபிப்பிராயம்தான்.

சரி, நம்ம மேட்டருக்கு வருவோம். ஃபாதர் டிஸ்சார்ஜ் ஆனதும் எங்க குழுவில் எல்லோருக்கும் ஒரு வெறி வந்தது. ‘இதுக்கெல்லாம் ரூல்ஸ் எதுவும் கிடையாதா?’னு தேட ஆரம்பிச்சோம். இருக்கு! 1983-ல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பு. நான் காமர்ஸ் ஸ்டூடன்ட். கம்பெனி லாவைவிட இது சுவாரஸ்யமா இருந்தது, சத்தியமா!

281-வது பிரிவு, நோயிலும் இயலாமையிலும் முதுமையிலும் குருக்களுக்குத் தேவையானது கிடைக்கிற மாதிரி சமூகப் பாதுகாப்பு இருக்கணும்னு சொல்லுது. 283, அவங்களுக்கு வருஷா வருஷம் போதுமான விடுமுறை உண்டுனு சொல்லுது. 533, பங்குத்தந்தை வருஷத்தில் ஒரு மாசம் வரைக்கும் லீவ் எடுக்கலாம், வருடாந்தர தியானத்துக்குப் போற நாளை அந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாதுனு சொல்லுது. 75 வயசானா ராஜினாமா கடிதம் கொடுக்கச் சொல்லுது 538. அதுக்கும் முன்னாடி, 1965-லேயே இரண்டாம் வத்திக்கான் சங்கம் குருக்களின் வாழ்வு பற்றிய ஏட்டில் லீவைப் பத்தி எழுதி வெச்சாச்சு. எங்க ஃபாதர் அஞ்சு வருஷத்தில் எடுத்த லீவ் எத்தனை நாள் தெரியுமா? அப்பா சாவுக்கு நாலு நாள்.

இன்னொரு பிரிவுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. 919. நற்கருணை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னாடி எதுவும் சாப்பிடக்கூடாது, தண்ணியும் மருந்தும் மட்டும் ஓகே. நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச ரூல். ஆனா, அதுக்குக் கீழேயே ரெண்டு விலக்கு இருக்கு. ஒரே நாளில் ரெண்டு, மூணு பூசை வைக்கிற குரு, ரெண்டாவது பூசைக்கு முன்னாடி ஏதாவது சாப்பிட்டுக்கலாம். வயசானவங்க, நோயாளிகள், அவங்களைப் பார்த்துக்கறவங்க எல்லாரும் அந்த ஒரு மணி நேரத்துக்குள்ளேயே சாப்பிடலாம். எங்க ஃபாதர் காலையில் சுகர் மாத்திரையைப் போட்டுக்கிட்டு, வெறும் வயித்தோடு 6 மணி பூசை, 8 மணி பூசை முடிச்சு, ஒன்பதரைக்குத்தான் இட்லிக்கு உட்காருவார். மாத்திரை போட்டுட்டு சாப்பிடாம இருந்தா சுகர் சரசரனு இறங்கி, கை நடுங்கும், வியர்க்கும், மயக்கமே வரும். பலிபீடத்தில் அவர் கை நடுங்கினதைப் பார்த்து ‘பக்தியில் உருகுறார்’னு நினைச்சவங்க எங்க பங்கில் உண்டு! இப்ப ரெண்டு பூசைக்கும் நடுவுல கோயில்பிள்ளை தாத்தா ரெண்டு இட்லியோடு சக்ரீஸ்தியில் நிப்பார். உபவாச நாளும் அப்படித்தான். சட்டப்படி 18-லிருந்து 59 வயசு வரைக்கும்தான் உபவாசம், அதிலும் நோயாளிக்கு விலக்கு உண்டு.

சுகரை மட்டும் பேசிட்டு விட்டுட முடியாது. அமெரிக்க கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் 2022-ல் அந்த ஊர் குருக்களிடம் ஒரு சர்வே எடுத்தது. 3,516 பேர் பதில் எழுதினாங்க. பெரும்பாலானவங்க, அதாவது 77 சதவிகிதம் பேர், மொத்தத்தில் நல்லாத்தான் இருக்காங்க. அதே சமயம், ‘பர்ன் அவுட்’னு சொல்றாங்களே, உள்ளே எரிஞ்சு தீர்ந்துபோறது… அதோட ஒரு அறிகுறியாவது 45 சதவிகிதம் பேரிடம் இருந்தது. இதில் கவனிக்க வேண்டியது வேற. மறைமாவட்டக் குருக்களிடம் இது அதிகம், துறவற சபைக் குருக்களிடம் குறைவு. வயசில் சின்னவங்களிடம் அதிகம், பெரியவங்களிடம் குறைவு. ஆயர் மேல நம்பிக்கை இருக்கிறவங்க மனசளவில் நல்லாவே இருக்காங்க.

சபைக்காரங்களுக்கு ஏன் குறைவு? எங்க ஊரிலேயே உதாரணம் காட்டலாம். 1960-களில் பர்மாவை விட்டுத் துரத்தப்பட்ட தமிழர்கள் மூட்டை முடிச்சோடு வந்து வியாசர்பாடியில் இறங்கினார்கள். அந்த அத்தோ வந்த கதையும் அதுதான். அப்போ இங்கே வந்து உட்கார்ந்தவர் இத்தாலியில் பிறந்த சலேசியக் குரு ஓர்ஃபியோ மந்தோவானி. ‘பியட்டிட்யூட்ஸ்’ என்ற பெயரில் முதியவர்களுக்கும் தொழுநோயாளிகளுக்கும் பசங்களுக்கும் ஒரு இடத்தை உருவாக்கினார். 1967-ல் இறந்துபோனார். அவர் போனபிறகும் அந்த இடம் நிற்கிறது. காரணம், சலேசியர்கள் கூட்டமாக வாழ்கிறவர்கள். ஒருத்தர் படுத்தால் இன்னொருத்தர் பார்த்துக்கொள்ள, ஒருத்தர் போனால் இன்னொருத்தர் தூக்கிக்கொள்ள, ஒரே மேஜையில் சாப்பிட நாலு பேர் உண்டு. மறைமாவட்டக் குருவுக்கு அப்படியில்லை. பெரிய பங்களா, ஒரு ட்யூப்லைட், ஒரு டி.வி., ஆறிப்போன குழம்பு. ஒன்பது மணிக்கு கேட்டைப் பூட்டினா அப்புறம் அவரோடு பேச பல்லிதான். இந்தத் தனிமையில் சிலர் பாட்டிலைத் தேடுறாங்க, சிலர் யார் மேலயாவது எரிஞ்சு விழறாங்க. நாம என்ன பண்றோம்? ‘சாமியார் சரியில்லை’னு பேராயருக்கு மொட்டைக் கடுதாசி!

‘போய் நாலு வார்த்தை பேசிட்டு வரவேண்டியதுதானே’னு கேட்பீங்க. பசங்க போகலாம். நான் போனா? கஞ்சித் தூக்கோடு ஒரு பொண்ணு சாயங்காலம் பங்களாவுக்குள் நுழைஞ்சா, அடுத்த தெரு வரைக்கும் கதை வந்துடும். இந்த ஊர்வாய்க்குப் பயந்தே பாதி வீடுகள் ஃபாதரைத் தனியா விட்டுடுது. அதுக்காக ‘அவர் சாமி, தப்பே பண்ண மாட்டார்’னு கண்ணை மூடிக்கணும்னும் இல்லை. குருக்கள் செய்த கொடுமைகளை மூடி மறைச்சு, உலகம் முழுக்க எத்தனை குழந்தைகளோட வாழ்க்கை நாசமாச்சுனு நாம படிச்சிருக்கோம். அக்கறையா பார்த்துக்கறது வேற, மூடி மறைக்கிறது வேற. நாங்க வெச்ச ரூல் சிம்பிள். யார் போனாலும் ரெண்டு பேராகப் போகணும், வராண்டாவில்தான் உட்காரணும், கதவு திறந்தே இருக்கணும். ஊர்வாய்க்கும் வேலை இல்லை, எங்களுக்கும் பயம் இல்லை.

அப்புறம்தான் பங்குப் பேரவையில் குண்டைத் தூக்கிப் போட்டோம். ‘‘திங்கட்கிழமை ஃபாதருக்கு லீவ்!’’

கூட்டம் கொந்தளிச்சது. ‘‘சாமியாருக்கு இன்னாத்துக்குமா லீவு? பொண்டாட்டியா, புள்ளையா?’’ என்று ஒரு பெரியப்பா. ‘‘மில்லுல முப்பது வருஷம் நைட் ஷிஃப்ட் பார்த்தேன், எனக்கு யார் போர்டு மாட்டினாங்க?’’ என்று இன்னொருத்தர். (அவர் கேட்டதில் நியாயம் இருக்கு. அவருக்கும் யாராவது மாட்டியிருக்கணும்.) ஆனா, ஒரு ஆயா எழுந்து கேட்ட கேள்விதான் எங்களை நிஜமாகவே மடக்கியது. ‘‘ஏம்மா, ஆஸ்பத்திரியில டாக்டர் லீவு போட்டா டூட்டி டாக்டர்னு ஒருத்தர் இருப்பாரு. திங்கக்கிழம என் உசுரு இழுத்துக்கினு இருந்தா, எனக்கு எண்ணெய் பூச டூட்டி சாமி யாரு?’’

பதில் கண்டுபிடிக்க ரெண்டு வாரம் ஆச்சு. பக்கத்துப் பங்கு ஃபாதரிடம் பேசினோம். திங்கட்கிழமை எங்க பங்கின் அவசரத்துக்கு அவர், செவ்வாய்க்கிழமை அவங்க பங்குக்கு எங்க ஃபாதர். மரணப் படுக்கைன்னா எந்த நாளும் எந்த நேரமும் கூப்பிடலாம். சர்டிஃபிகேட், சிபாரிசு லெட்டர், ஹால் புக்கிங்… எல்லாம் செவ்வாய்க்கு அப்புறம். ஆயா தலையாட்டினார். ஆயா ஆட்டினதும் பேரவையே ஆட்டியது.

இதில் பெரிய காமெடி, ஃபாதர்தான் கடைசி வரைக்கும் ஒத்துக்கலை. ‘‘ஜான் மரிய வியான்னி வேகவெச்ச உருளைக்கிழங்கைத் தின்னுக்கிட்டு, நாள் முழுக்கப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில உட்கார்ந்திருந்தார்டா’’ என்பார். பிரான்ஸில் ஆர்ஸ் என்ற கிராமத்தின் பங்குத்தந்தை, உலகப் பங்குத்தந்தையர்களுக்கெல்லாம் பாதுகாவலர். எங்க டெக்னீஷியன் அண்ணன் சளைச்சவரா? ‘‘அவர் தாங்க முடியாம ஊரை விட்டே ஒண்ணுக்கு மேற்பட்ட தடவை ஓடிப்போகப் பார்த்தாராமே ஃபாதர், அதையும் சொல்லுங்க’’ என்று மடக்கினார். உண்மைதான், வியான்னியின் வரலாற்றிலேயே இருக்கிறது. வியான்னி இறந்த ஆகஸ்ட் 4-ம் தேதியைத்தான் நாம குருக்கள் தினமாகக் கொண்டாடுகிறோம்… சுகர் பேஷன்ட்டுக்கு ஒண்ணரை கிலோ க்ரீம் கேக் வெட்டி!

அடுத்த அஸ்திரம் போப்பாண்டவர்கள். 1978-ல் முதலாம் ஜான் பால் பதவிக்கு வந்த 33-வது நாளே இறந்துபோனார். அடுத்து வந்த ரெண்டாம் ஜான் பால், காஸ்டல் கண்டோல்ஃபோ கோடை மாளிகையில் ஸ்விம்மிங் பூல் கட்டச் சொன்னாராம். ‘இவ்வளவு செலவா?’ என்று முணுமுணுத்தவர்களிடம், ‘இன்னொரு போப் தேர்தல் நடத்துவதைவிட இது சீப்’ என்று ஜோக்கடித்ததாகச் சொல்வார்கள். 2025-ல் வந்த பதினான்காம் லியோவோ டென்னிஸ் பிரியர். ‘‘எங்க ஊருக்கு டென்னிஸ் எல்லாம் வேணாம், கிரவுண்டை நாலு சுத்து சுத்துங்க’’ என்றோம். இப்படித்தான் ஃபுட்பால் பசங்க பிராக்டீஸ் பண்ணும்போது, ஓரமாக ஸ்பெஷல் செருப்போடு ஃபாதர் நடக்க ஆரம்பிச்சார். ஒரு மாசத்தில் நடையைவிட விசில் ஊதுவது அதிகமாயிடுச்சு. ஆஃப்சைடு தகராறில் அவர் சொல்வதுதான் தீர்ப்பு.

டீ விஷயத்தை அன்பியத்துப் பெண்கள் கையில் எடுத்துக்கிட்டாங்க. ‘ஃபாதர் வந்தா வெந்நீர், இல்லைன்னா மோர்’ என்று எல்லா வீட்டுக்கும் ஒரே ரூல். மெத்தை வீடோ தகர ஷீட்டோ, ஒரே மோர். கை நனைக்கிற பஞ்சாயத்து அத்தோடு காலி. எப்போதாவது யாராவது ஒரு லட்டை நீட்டுவார்கள், அவரும் சுத்திமுத்திப் பார்த்துட்டு வாயில் போட்டுக்கொள்வார். மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஹெச்பிஏ1சி டெஸ்ட் எடுக்கும்போது குட்டு உடைஞ்சிடும். முந்தின நாள் பட்டினி கிடந்தெல்லாம் அந்த டெஸ்ட்டை ஏமாத்த முடியாது, கடந்த ரெண்டு மூணு மாசத்தோட சராசரியைச் சொல்லிடும். முதல் தடவை 11.2 இருந்தது, ஒரு வருஷத்தில் 7.4 ஆச்சு. இந்தியாவில் பத்து கோடிப் பேருக்கு சுகர் இருப்பதாக ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023-ல் சொன்னது. அந்தப் பத்து கோடியில் ஒருத்தரை நாங்க பார்த்துக்கிட்டோம், அவ்வளவுதான்.

2025 மே மாசம் டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்தது. அஞ்சாறு வருஷத்துக்கு ஒரு தடவை வர்றதுதான். இங்கேதான் இன்னொரு சிக்கல். இடம் மாறும்போது டாக்டர் மாறுவார், பழைய ரிப்போர்ட் தொலையும், சமையல் மாறும். புது ஊரில் முதல் ஞாயிறே பதினோரு டீ காத்திருக்கும். எங்க டெக்னீஷியன் அண்ணன் ஒரு பச்சை ஃபைல் போட்டார். ரத்தப் பரிசோதனை ரிசல்ட், இ.சி.ஜி., கண் டெஸ்ட், மாத்திரை பேரு, வேளை, காலைத் தினமும் பார்க்கச் சொன்ன டாக்டரின் குறிப்பு. கடைசிப் பக்கத்தில் எங்க நாலு பேர் போன் நம்பர். ‘அவசரத்துக்குத் தொடர்புகொள்ள’ என்ற இடத்தில் உறவுமுறை என்று ஒரு கட்டம் இருந்தது. அண்ணன் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, ‘பங்குப் பிள்ளைகள்’ என்று எழுதினார்.

ஃபைலை ஃபாதரிடம் கொடுக்கலை. கொடுத்தா பீரோவுக்கு அடியில் போயிடும். நேரா புதுப் பங்கின் இளைஞர் குழுத் தலைவன் கையில் கொடுத்தோம்.

ஜூன் கடைசியில் அந்தப் பையன் போன் பண்ணினான்.

‘‘அக்கா, ஃபாதர் திங்கட்கிழமை லீவுனு போர்டு மாட்டச் சொல்றாரு. உங்க பங்குல அப்படித்தானாமே? இங்க பெருசுங்க எல்லாம் என்னைய திட்டுதுக்கா.’’

‘‘நிஜம்தான்பா. அங்க ஒரு ஆயா எழுந்து ‘டூட்டி சாமி யாரு’னு கேட்பாங்க. அதுக்குள்ள பக்கத்துப் பங்கு ஃபாதர்கிட்ட பேசி வெச்சுக்கோ.’’

‘‘நேத்தே கேட்டுட்டாங்கக்கா!’’